மேடைப் பேச்சு போதும். வழக்காடப் பழகட்டும் நம் பிள்ளைகள்!



2024ஆம் ஆண்டு ஜனவரி 11, 12 ஆகிய இரு தினங்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நெதர்லாந்து நாட்டின் ஹேக் நகரில் சர்வதேச நீதிமன்றம் கூடியது. காஸாவில் நடப்பது இனப்படுகொலையே என்று கூறி இஸ்ரேல் மீது தென்னாப்பிரிக்கா தொடுத்த வழக்கின் முதல் விசாரணை அது. மேலப்பாளையத்திலும் பேட்டையிலும் ஏர்வாடியிலும் காயல்பட்டினத்திலும் நம் மக்கள் கைபேசியில் அந்த விசாரணையைப் பார்த்தார்கள். பலருக்கு அந்த ஆங்கிலம் முழுதாகப் புரிந்திருக்காது. ஆனாலும் பார்த்தார்கள்.

பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அங்கே யாரும் முழங்கவில்லை, மேசையைத் தட்டவில்லை. அதிலா ஹாசிம் என்ற தென்னாப்பிரிக்கப் பெண் வழக்கறிஞர் எழுந்து நின்றார். 1948ஆம் ஆண்டின் இனப்படுகொலைத் தடுப்பு ஒப்பந்தத்தில் இரண்டாவது பிரிவை எடுத்துக் கொண்டார். அதில் கூறப்பட்டுள்ள செயல்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நேராகக் காஸாவில் நடந்தவற்றை ஆதாரத்தோடு அடுக்கினார். நம் ஊர்த் திடல்களில் இரவு பத்து மணி வரை தொண்டை கிழியப் பேசுகிறோமே, அந்தப் பேச்சுகள் சாதிக்காததை நிதானமான அந்தப் பேச்சு சாதித்தது. ஜனவரி 26 அன்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவுகளைப் பிறப்பித்தது. குண்டுகள் நிற்கவில்லையே என்று நீங்கள் கேட்பீர்கள். உண்மைதான், அந்த வேதனை வேறு. ஆனால் 'இப்படி ஒரு வழக்கே கிடையாது, தள்ளுபடி செய்யுங்கள்' என்று வாதிட்டவர்களின் வாய் அன்று அடைபட்டது.

அதற்கு முன்பே இன்னொரு வழக்கு. மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா என்று ஒரு குட்டி நாடு. அதன் மொத்த மக்கள் தொகை சுமார் 24 லட்சம். பிரிக்கப்படாத நம் பழைய திருநெல்வேலி மாவட்டத்தை விடக் குறைவு. 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டம் 30 லட்சத்தைத் தாண்டியிருந்தது! அந்தக் காம்பியாவின் நீதி அமைச்சர் அபூபக்கர் தம்பாது, ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த சர்வதேசத் தீர்ப்பாயத்தில் பணியாற்றிய வழக்கறிஞர். 2018இல் பங்களாதேஷின் காக்ஸ் பஜார் முகாம்களுக்குப் போய் ரோஹிங்யா அகதிகளின் கதையைக் கேட்டார். 2019 நவம்பரில் மியான்மர் மீது ஹேக்கில் வழக்குப் போட்டார். மியான்மர் தரப்பில் வந்து நின்றவர் யார் தெரியுமா? நோபல் பரிசு பெற்ற ஆங் சான் சூகி. நீதிமன்றம் பரிசைப் பார்க்கவில்லை, காகிதங்களைப் பார்த்தது. 2020 ஜனவரி 23 அன்று நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக மியான்மருக்கு எதிராக இடைக்கால உத்தரவு போட்டார்கள்.

இந்த இரு வழக்குகளையும் பற்றி நாம் கட்டுரை எழுதினோம், துஆ செய்தோம், ஆர்ப்பாட்டம் நடத்தினோம். எல்லாம் சரி. ஆனால் நாம் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி உண்டு. இப்படி வாதாடுவதற்கு ஒரு மனிதர் எங்கே, எந்த வயதில் பழகுகிறார்?

உலகச் சட்ட மாணவர்களிடம் கேட்டால் பலரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: மூட் கோர்ட். மாதிரி வழக்காடு மன்றம் என்று தமிழில் சொல்கிறோம். அதில் மிகப் பழையதும் பெரியதுமான போட்டி 'ஜெஸ்ஸப்'. 1960இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. கியூபாவில் அரசு நிலங்களை எடுத்துக் கொண்ட விவகாரம்தான் முதல் ஆண்டு வழக்கு. அந்த வழக்கை எழுதிக் கொடுத்த ஸ்டீபன் ஷ்வேபல் பிற்காலத்தில் சர்வதேச நீதிமன்றத்தின் தலைவராகவே ஆனார். போட்டிக்குச் சூட்டப்பட்டிருப்பது அதே நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த பிலிப் ஜெஸ்ஸப்பின் பெயர். இன்று சுமார் நூறு நாடுகளிலிருந்து பல நூறு சட்டக் கல்லூரிகள் இதில் கலந்து கொள்கின்றன.

எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஏனென்றால் இதைப் 'பட்டிமன்றம் மாதிரி ஒன்று' என்று நினைத்துக் கொண்டிருக்கும் பெற்றோர் நிறையப் பேர்.

ஆண்டுதோறும் செப்டம்பர் மாதவாக்கில் ஒரு கற்பனை வழக்கு வெளியாகும். இரண்டு கற்பனை நாடுகள். அவற்றுக்கிடையே ஒரு தகராறு. எல்லையாக இருக்கலாம், அகதிகளாக இருக்கலாம், ஒப்பந்த மீறலாக இருக்கலாம். அதிகம் போனால் ஐந்து பேர் கொண்ட அணி. ஜனவரிக்குள் இரண்டு எழுத்து வாதங்களைத் தயாரித்து அனுப்ப வேண்டும். கவனியுங்கள், இரண்டு! ஒன்று வழக்குத் தொடுத்த நாட்டுக்காக, மற்றொன்று எதிர்த்து நிற்கும் நாட்டுக்காக. அதன்பின் ஒவ்வொரு நாட்டிலும் உள்நாட்டுச் சுற்று. அதில் தேறியவர்கள் வசந்த காலத்தில் வாஷிங்டன் போகிறார்கள். அங்கே மூன்று நீதிபதிகள் முன் ஒரு தரப்புக்கு 45 நிமிடம். காலையில் ஒரு நாட்டுக்காகப் பேசிய மாணவர் பிற்பகலில் எதிரி நாட்டுக்காகப் பேச வேண்டியிருக்கும்.

மனப்பாடம் செய்த உரை இங்கே செல்லாது. இரண்டாவது வாக்கியத்திலேயே நீதிபதி குறுக்கிடுவார். 'நீங்கள் காட்டும் தீர்ப்பில் ஒப்பந்தம் இருந்ததே, இங்கே எங்கே ஒப்பந்தம்?' என்பார். முதலில் உண்டு அல்லது இல்லை என்று பதில் சொல்ல வேண்டும், பிறகுதான் விளக்கம். சுற்றி வளைத்தால் மதிப்பெண் போய்விடும். விட்டுக் கொடுக்க வேண்டிய இடத்தில் விட்டுக் கொடுத்து, விடக் கூடாத இடத்தில் ஊன்றி நிற்க வேண்டும். ஒரு கண் கடிகாரத்தில் இருக்க வேண்டும். நம்மில் எத்தனை தலைவர்கள் இந்தச் சோதனையில் தேறுவார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். பெயர் சொன்னால் வம்பு!

இன்னொன்று. அங்கே அணிக்கு எண் மட்டும்தான். எந்தக் கல்லூரி என்று நீதிபதிகளிடம் சொல்லக் கூடாது. ஆக்ஸ்போர்டில் இருந்து வந்தவரா, ஆழ்வார்குறிச்சியில் இருந்து வந்தவரா என்பது வழக்காடும் நேரத்தில் யாருக்கும் தெரியாது. எதிலும் முகவரி பார்த்தே இடம் கொடுக்கும் நாட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய வாய்ப்பு!

பெங்களூர் காட்டிய வழி

'இதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு' என்று ஒதுக்க வேண்டாம். பெங்களூரில் உள்ள தேசிய சட்டப் பள்ளி 1980களின் இறுதியில்தான் வகுப்புகளைத் தொடங்கியது. 1999இல் அதன் மாணவர்கள் ஜெஸ்ஸப் உலகக் கோப்பையை வென்றார்கள். 2013இல் மீண்டும் வென்றார்கள். முதல் வெற்றி வந்தபோது அந்தப் பள்ளிக்குப் பன்னிரண்டு வயது கூட நிரம்பவில்லை. அங்கே பணம் மட்டும் வேலை செய்யவில்லை. ஐந்தாண்டுப் படிப்பில் முதலாண்டிலிருந்தே மாணவர்கள் ஒருவரோடு ஒருவர் மோதிப் பழகினார்கள். சீனியர்கள் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்து ஜூனியர்களைக் கேள்வியால் துளைத்தார்கள். போய் வந்தவர்கள் தங்கள் குறிப்புகளை அடுத்த அணிக்கு விட்டுச் சென்றார்கள். ஒரு குடும்பத் தொழில் தந்தையிடமிருந்து மகனுக்குப் போவது போல அந்தப் பழக்கம் கைமாறியது.

நமது நெல்லை அரசு சட்டக் கல்லூரி 1996இல் தொடங்கப்பட்டது. தென் மாவட்டங்களின் ஏழை எளிய வீட்டுப் பிள்ளைகளுக்கு அது திறந்து விட்ட கதவு சாதாரணமானதல்ல. பத்தமடையில் பாய் நெய்கிறவர் வீட்டிலிருந்தும், மேலப்பாளையத்தில் பீடி சுற்றுகிற உம்மாவின் வீட்டிலிருந்தும் ஒரு பிள்ளை கறுப்பு அங்கி போடலாம் என்ற நம்பிக்கையை அந்தக் கல்லூரி கொடுத்தது. அந்தக் கல்லூரியைக் குறை கூறுவது என் நோக்கமல்ல. நான் கேட்பது நம்மை நோக்கி.

இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி மூட் கோர்ட் என்பது விருப்பப் பாடமல்ல, கட்டாயம். மூன்று மாதிரி வழக்குகளுக்கு முப்பது மதிப்பெண். இதோடு நிஜ நீதிமன்றத்தில் ஒரு சிவில் வழக்கையும் ஒரு கிரிமினல் வழக்கையும் உட்கார்ந்து பார்த்துக் குறிப்பெழுத வேண்டும். விதி இருக்கிறது. ஆனால் நாட்டின் பல சட்டக் கல்லூரிகளில் அது ரெக்கார்டு நோட்டு எழுதிக் கையெழுத்து வாங்கும் சடங்காகி விட்டது என்பது சட்டம் படித்த பிள்ளை உள்ள வீடுகளுக்குத் தெரியும். போன வருடத்து அண்ணனின் நோட்டு இந்த வருடத்துத் தம்பிக்கு! அந்த முப்பது மதிப்பெண்ணுக்குள்தான் வாஷிங்டனுக்கும் ஹேக்குக்கும் போகிற வழி மறைந்து கிடக்கிறது.

தடைகள் என்னென்ன? முதலில் ஆங்கிலம். தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வரும் பிள்ளைக்குத் தீர்ப்பைப் படிப்பதே மலையேறுவது போல இருக்கிறது. எழுந்து நின்று பேசுவது அப்புறம். இதற்கு மருந்து ஆங்கிலப் பேச்சு வகுப்பில் சேர்ப்பது என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வாதம் மனதில் தெளிவாக இருக்கும் பிள்ளை உடைந்த ஆங்கிலத்திலும் நீதிபதியை நிமிர்ந்து உட்கார வைக்கும். வாதம் இல்லாத பிள்ளை அழகான ஆங்கிலத்தில் ஒன்றுமில்லாததைச் சொல்லும். ஆகவே முதல் வருடம் தமிழிலேயே மூட் கோர்ட் நடக்கட்டும். எதிர்க் கேள்விக்குப் பதில் சொல்லும் தைரியம் தாய்மொழியில் வரட்டும். அதன்பின் அதே வழக்கை ஆங்கிலத்தில் நடத்தட்டும். ஜெஸ்ஸப்புக்கு வரும் அணிகளில் ஏராளமானவர்களுக்கு ஆங்கிலம் தாய்மொழி அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். இதே பேட்டையில் 1896இல் பிறந்த காயிதே மில்லத் இஸ்மாயில் சாஹிப், அரசியல் நிர்ணய சபையில் தமிழை ஆட்சிமொழியாக்க வேண்டும் என்று வாதாடினார். அந்த வாதத்தை அவர் வைத்தது ஆங்கிலத்தில்! ஒரு மொழி மீதான பாசமும் இன்னொரு மொழியில் தேர்ச்சியும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

எதிரிக்காகப் பேசலாமா?

நம் பகுதியில் சில பெரியவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. 'இரண்டு பக்கமும் பேசப் பழக்குவது பிள்ளையை முனாஃபிக் ஆக்குவதாகாதா? ஹக்கைப் பேசச் சொல்லிக் கொடுக்காமல் எதற்கும் நியாயம் கற்பிக்கச் சொல்லிக் கொடுப்பதா?'

நியாயமான கேள்வி. அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. காசுக்காக எதையும் வாதிடும் வக்கீல்களைப் பார்த்துப் பார்த்து வந்த கேள்வி அது. ஆனால் நம் மரபு என்ன சொல்கிறது? அலீ (ரலி) அவர்களை யமன் நாட்டுக்கு நீதிபதியாக அனுப்பியபோது, ஒரு தரப்பைக் கேட்டவுடன் தீர்ப்புச் சொல்லாதீர், மறு தரப்பையும் கேளும் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. மதரஸாவில் ஓதிய ஆலிம்களைக் கேளுங்கள். ஃபிக்ஹுப் பெருநூல்கள் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன? மாற்றுக் கருத்துடையவரின் ஆதாரத்தை முழுமையாக எடுத்து வைத்து, அதன் பிறகே தன் பதிலைச் சொல்லும் முறைதானே அது? குர்துபாவின் காழியாக இருந்த இப்னு ருஷ்து, ஒரு மஸ்அலாவில் இமாம்கள் ஏன் வேறுபட்டார்கள் என்ற காரணத்தை விளக்குவதற்காகவே 'பிதாயதுல் முஜ்தஹித்' என்ற நூலை எழுதினார். ஹனஃபி, ஷாஃபி என இரு மத்ஹபினரும் அடுத்தடுத்து வாழும் இந்தத் தாமிரபரணிப் பகுதிக்கு இது புதிய பாடமா என்ன?

எதிர்த்தரப்பு வாதத்தை அவனை விட நன்றாகச் சொல்லத் தெரிந்தவனால்தான் அதை முறியடிக்க முடியும். இதில் நம் சமுதாயம் பலவீனமாக இருக்கிறது என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. நாம் நம்மவர்களிடமே பேசுகிறோம். கூட்டத்தில் தக்பீர் எழுகிறது. உள்ளம் குளிர்ந்து வீட்டுக்குப் போகிறோம். நீதிமன்றத்தில் தக்பீர் எழாது. அங்கே இருப்பவர் நமக்கு வேண்டியவரும் அல்ல, வேண்டாதவரும் அல்ல. அவரைக் காகிதத்தாலும் காரணத்தாலும் மட்டுமே அசைக்க முடியும். வக்ஃபு நிலத் தகராறு முதல் கபரஸ்தான் பாதை வரை எத்தனை வழக்குகளில் பழைய பத்திரத்தைத் தேடி எடுக்கவும், எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று முன்கூட்டியே யோசிக்கவும் ஆளில்லாமல் நாம் நின்றிருக்கிறோம்!

ஆறே பாடப் புத்தகம்

சர்வதேசச் சட்டம் என்றவுடன் நம் பிள்ளைகள் 'அது நமக்கு எட்டாதது' என்று ஒதுங்குகிறார்கள். எட்டாதது அல்ல, வாய்க்கால் வரப்பில் கிடக்கிறது.

டான்யூப் நதியில் அணை கட்டுவது பற்றி ஹங்கேரிக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் நடந்த வழக்கில் சர்வதேச நீதிமன்றம் 1997 செப்டம்பர் 25 அன்று தீர்ப்பளித்தது. சர்வதேச மூட் கோர்ட்டுகளில் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டப்படும் தீர்ப்புகளில் ஒன்று. அதில் தனியாக ஒரு கருத்துரை எழுதியவர் இலங்கையைச் சேர்ந்த நீதிபதி சி.ஜி. வீரமந்திரி. அப்போது அவர் அந்த நீதிமன்றத்தின் துணைத் தலைவர். வளர்ச்சியும் இயற்கைப் பாதுகாப்பும் இணைந்து போக வேண்டும் என்பது மேற்கு நாடுகள் நேற்றுக் கண்டுபிடித்த தத்துவமல்ல என்று காட்ட, இலங்கையின் பழைய ஏரிப் பாசனத்தை அவர் விரிவாக எடுத்து வைத்தார். நிலம் அல்லாஹ்வுக்கே உரியது, மனிதன் அதன் அமானிதக் காவலனே என்ற இஸ்லாமியச் சட்டக் கொள்கையையும் அதே கருத்துரையில் குறிப்பிட்டார். அவர் முஸ்லிம் அல்ல. ஆனால் இஸ்லாமியச் சட்டவியல் பற்றி 1988இலேயே ஒரு நூல் எழுதியவர். நம்மில் எத்தனை வக்கீல்கள் அதைப் படித்திருக்கிறோம்?

இப்போது நம் ஆற்றைப் பாருங்கள். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேர்வதற்குள் தாமிரபரணிக்குக் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். மேலே கோடைமேலழகியான்; கடைசியில் பிரிட்டிஷார் காலத்து ஸ்ரீவைகுண்டம். கார் சாகுபடிக்குத் தண்ணீர் எப்போது திறப்பது, பிசானத்துக்கு எவ்வளவு நிறுத்துவது, மேல்மடைக்காரர் எடுத்தது போகக் கடைமடைக்காரருக்கு என்ன மிச்சம்... இது நம் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக வழக்காடி வரும் விஷயம். மேல்மடையை ஒரு நாடாகவும் கடைமடையை இன்னொரு நாடாகவும் வைத்துப் பாருங்கள், டான்யூப் வழக்கு வந்துவிடும்! வாய்க்கால் தகராறு என்னவென்று வாப்பாவிடம் கேட்டு வளர்ந்த வீரவநல்லூர்ப் பிள்ளை, ஏரியே பார்த்திராத டில்லி மாணவனை விட அந்தத் தீர்ப்பை ஆழமாகப் புரிந்து கொள்ளும்.

கங்கைகொண்டான் வழக்கும் இருக்கிறது. அங்குள்ள சிப்காட் வளாகத்தில் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று பொதுநல வழக்குப் போடப்பட்டது. 2016 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச் 2 அன்று வழக்கைத் தள்ளுபடி செய்தது. கொடுப்பது உபரி நீர்தான் என்பது எதிர்த்தரப்பின் வாதம். தீர்ப்பு வந்த அன்று நாமெல்லாம் கொதித்தோம். ஆனால் 'உபரி' என்பதை எப்படிக் கணக்கிடுவது, யார் கணக்கிடுவது, அந்தக் கணக்கை எந்த ஆவணத்தால் உடைப்பது என்று உட்கார்ந்து யோசித்த மாணவர் குழு ஒன்று இங்கே இருந்திருந்தால்? 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்ட மாஞ்சோலை எஸ்டேட், குத்தகை முடியும் வேளையில் தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தொழிலாளர்களின் உரிமை என்ன என்ற கேள்வி இன்னொரு வழக்கு. தொழிலாளர் சட்டமும் காட்டுச் சட்டமும் மனித உரிமை ஒப்பந்தங்களும் மோதும் அதைப் போன்ற வழக்கை எந்தப் பல்கலைக்கழகப் பேராசிரியரும் கற்பனையில் உருவாக்க முடியாது.

கல்விச் சுற்றுலாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். போட்டிக்குப் போகிறவர்கள் அதோடு நீதிமன்றங்களையும் பல்கலைக்கழகங்களையும் பார்த்துவிட்டு வருவது வழக்கம். நல்லதுதான். ஹேக்கில் 1913இல் திறக்கப்பட்ட அமைதி மாளிகையின் உள்ளே நின்று பார்த்த பிள்ளைக்குப் பாடப் புத்தகத்தின் எழுத்துகள் உயிர் பெறும். 1923 முதல் அங்கே நடந்து வரும் சர்வதேசச் சட்ட அகாடமியின் கோடைக்கால வகுப்புகளில் ஏழை நாட்டு மாணவர்களுக்கு உதவித்தொகையும் உண்டு. ஆனால் இன்னொரு வகை வியாபாரமும் நடக்கிறது. 'சர்வதேச' என்று பெயர்ப் பலகை மாட்டி, நட்சத்திர ஓட்டலில் இரண்டு நாள் கூட்டம் போட்டு, ஆளுக்கு ஒரு சான்றிதழும் கேடயமும் கொடுத்து அனுப்பும் போட்டிகள்! போனவர்கள் எல்லோருக்கும் பரிசு கிடைத்தால் அது போட்டியல்ல, சுற்றுலா. கடன் வாங்கிப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் முதலில் கேட்க வேண்டியது, 'எழுத்து வாதத்தை யார் திருத்துகிறார்கள்? உள்நாட்டுச் சுற்று உண்டா? தோற்றவர்கள் யாராவது இருக்கிறார்களா?' என்பதைத்தான்.

தவிர, சுற்றுலா என்றால் விமானம் ஏற வேண்டும் என்று யார் சொன்னது? டான்யூப் வழக்கில் தீர்ப்புச் சொல்லும் முன் 1997 ஏப்ரலில் சர்வதேச நீதிமன்ற நீதிபதிகளே ஆற்றங்கரைக்குப் போய்ப் பார்த்தார்கள். அந்த நீதிமன்றத்தின் வரலாற்றில் அதுவே முதல் நேரடிப் பார்வை. 2024இல் தாமிரபரணி மாசு வழக்கில் மதுரைக் கிளை நீதிபதிகளும் நெல்லைக்கு வந்து ஆற்றை நேரில் பார்த்தார்கள். நீதிபதிகளே வந்து பார்க்கும் ஆற்றைப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் சட்ட மாணவர் பார்க்காமல் இருப்பது எப்படி? பாபநாசத்தில் தொடங்கிக் கடைமடை வரை இரண்டு நாள் போய் வரட்டும். அணைக்கட்டு அணைக்கட்டாக இறங்கி விவசாயியிடம், பொதுப்பணித் துறை ஊழியரிடம், சாயக் கழிவு கலக்கும் இடத்தில் துணி துவைக்கும் பெண்களிடம் பேசிக் குறிப்பெடுக்கட்டும். அடுத்த வாரம் மதுரை ஒத்தக்கடைக்குப் போய் உயர்நீதிமன்றக் கிளையில் ஒரு நாள் முழுக்க உட்காரட்டும். 2004 ஜூலை 24க்கு முன்னால் இந்த வசதி கூட நமக்கில்லை. ஒரு ரிட் மனுவுக்கு அறுநூறு கிலோ மீட்டர் தாண்டிச் சென்னைக்கு ஓட வேண்டியிருந்தது. இந்தச் சுற்றுக்கு ஆகும் செலவு ஒரு கல்யாண வீட்டுப் பந்தல் செலவு வராது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. அணி உள்நாட்டுச் சுற்றில் தேறிவிட்டால் பதிவுக் கட்டணம், விமானம், விசா, தங்கும் செலவு என்று லட்சங்கள் வேண்டும். குறுகிய அவகாசத்தில் வேண்டும். பணக்காரக் கல்லூரிகள் எழுதிக் கொடுத்து விடும். அரசுக் கல்லூரி மாணவர் அங்கே இங்கே கையேந்துவதற்குள் தேதி போய்விடும். நம் ஜமாஅத்துகளும் வளைகுடாவில் உள்ள நம் சங்கங்களும் மருத்துவம், பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் உதவுகின்றன. அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. சட்டம் படிக்கும் பிள்ளை விண்ணப்பித்தால்தான் 'வக்கீலுக்கா?' என்று முகம் சுளிக்கிறோம். வழக்கு வந்தால் மட்டும் நல்ல வக்கீல் யாரென்று இரவோடு இரவாகத் தேடுகிறோம்!

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் மோசம். சட்டம் படிக்க அனுப்பி விடுகிறோம். போட்டிக்கு வெளியூர் அனுப்பத் தயங்குகிறோம். 1989இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக அமர்ந்தவர் ஃபாத்திமா பீவி. பக்கத்துக் கேரளத்துப் பத்தனம்திட்டையில் ஒரு ராவுத்தர் குடும்பத்துப் பெண். அவருடைய தந்தை பயந்திருந்தால் அந்தப் பெயர் வரலாற்றில் இருந்திருக்காது. துணைக்கு ஒரு ஆசிரியையையோ மூத்த வழக்கறிஞரையோ அனுப்புங்கள். அதற்கும் சேர்த்து ஜமாஅத் செலவு செய்யட்டும். ஹேக்கில் நின்ற அதிலா ஹாசிமைக் கைபேசியில் பார்த்துப் பெருமைப்பட்ட வாப்பாமார்களிடம்தான் இதைக் கேட்கிறேன்.

உதவி என்று நான் சொல்வது சுற்று தேறிய பிறகு கொடுக்கும் வழிச் செலவை மட்டுமல்ல. அதற்கு முந்தைய நான்கு மாதம்தான் முக்கியம். தீர்ப்புகளைத் தேடிப் படிக்க ஒரு கணினியும் இணைய வசதியும் உள்ள அறை. எந்த ஜமாஅத் கட்டடத்தின் மாடியிலும் அது கிடைக்கும். வாரம் ஒரு நாள், ஞாயிறு அஸருக்குப் பின் என்று வைத்துக் கொள்ளுங்கள், பாளையங்கோட்டை நீதிமன்றத்தில் தொழில் செய்யும் நம் வழக்கறிஞர்களில் மூவர் வந்து நீதிபதியாக உட்கார வேண்டும். சமுதாய வேறுபாடு பார்க்காமல் எந்த வீட்டுப் பிள்ளையும் வந்து வழக்காடட்டும். எதிர்த்துப் பேச ஆள் வேண்டுமே! நம்மவர்கள் மட்டும் கூடிப் பேசினால் அது மறுபடியும் திடல் கூட்டமாகி விடும்.

இந்த வருடத்துக்கு நாள் போய்விட்டதே என்று யாரும் சாக்குச் சொல்ல வேண்டாம். ஜெஸ்ஸப்பின் பழைய வழக்குகள் இணையத்தில் கிடக்கின்றன. அதில் ஒன்றை எடுங்கள், அல்லது மேல்மடை–கடைமடை வழக்கை நீங்களே எழுதுங்கள். அடுத்த ஜெஸ்ஸப் வழக்கு வெளியாகும்போது இங்கே கார் அறுவடை முடிந்து பிசானத்துக்கு நாற்றுப் பாவும் வேலை தொடங்கியிருக்கும். அதற்குள் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். மேலப்பாளையம், பேட்டை, கடையநல்லூர், காயல்பட்டினம் ஜமாஅத் நிர்வாகிகள் இதைத் தங்கள் அடுத்த செயற்குழுவில் ஒரு பொருளாக வைப்பார்களா? சட்டம் படிக்கும் பிள்ளை எந்தெந்த வீட்டில் இருக்கிறது என்ற பட்டியலை எடுப்பதிலிருந்து தொடங்கலாம்.